ஸ்டீயரிங்குக்குள் ஒரு நாடா

கடலூரை விட்டுத் தெற்கே இறங்கி, சிப்காட் ஆலைகளைத் தாண்டிப் பூண்டியாங்குப்பம் வந்ததும் சாலை அகலமாகிவிடுகிறது. அங்கிருந்து சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள சட்டநாதபுரம் வரை 57 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. தேசிய நெடுஞ்சாலை 32-இன் இந்தப் பகுதி 2025 ஏப்ரல் 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊருக்கு ஊர் கியர் மாற்றிக்கொண்டே சிதம்பரம் போன தலைமுறைக்கு இது வேறு உலகம். 80 கிலோமீட்டர் வேகத்தை அமைத்துவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். இந்த வட்டாரத்தில் குரூஸ் கண்ட்ரோல் பொத்தானுக்கு உண்மையாகவே வேலை கிடைத்தது இப்போதுதான்.

ஒருநாள் அந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள். மீட்டரில் வழக்கமாக எரியும் சின்ன விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அழுத்துகிறீர்கள், பலனில்லை. சற்றுத் தள்ளி ஒரு மாடு நடுத்திட்டைவிட்டுச் சாலையில் இறங்குகிறது. ஹாரனை அழுத்தினால் அதுவும் ஊமை. பிரேக் பிடித்து நிறுத்திவிட்டீர்கள், ஆபத்தில்லை. ஆனால் இரண்டும் எப்படி ஒரே நாளில் போயின? ஹாரன் இருப்பது முன் பம்பருக்குப் பின்னால். குரூஸ் கண்ட்ரோலோ இன்ஜினை ஆளும் கணினிக்குள் ஓடும் ஒரு கணக்கு. இரண்டுக்கும் இடையில் முழு இன்ஜினும் இருக்கிறது.

பழுது பார்க்கும் கலையின் முதல் பாடம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒரு காரில் ஏதாவது ஒரு மாதத்தில் ஹாரன் கெட்டுப்போக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். குரூஸுக்கும் அதே அளவு. இரண்டும் தனித்தனிக் காரணத்தால் ஒரே மாதத்தில் கெட வேண்டுமானால் ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டும் சேர்ந்து போகும் ஒரு பொது இடம் இருந்து, அது மட்டும் கெட்டிருந்தால் வாய்ப்பு மறுபடியும் ஆயிரத்தில் ஒன்று. எனவே ஹாரனைக் கழற்றுவதற்கு முன்பும், கணினியைச் சந்தேகப்படுவதற்கு முன்பும், இந்த இரண்டின் ஒயர்களும் எங்கே சந்திக்கின்றன என்று தேடுவதே முறை. பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பவர் வாடிக்கையாளரின் பணத்தைச் செலவழித்துத் தன் அறியாமையைக் குறைத்துக்கொள்கிறார். ஒயர்களின் வழியை யோசிப்பவருக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை.

முதலில் ஹாரன். காரின் மின்சாதனங்களில் இதைவிட எளிமையானதும் கடுமையாக உழைப்பதும் குறைவு. உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், அதற்கு எதிரே எஃகுத் தகடு ஒன்று, இரண்டுக்கும் இடையில் ஒரு காண்டாக்ட். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் தகட்டை இழுக்கிறது. தகடு இழுபட்ட அந்த அசைவே காண்டாக்டைத் திறந்துவிடுகிறது. மின்சாரம் நின்றுபோகிறது, தகடு துள்ளித் திரும்புகிறது, காண்டாக்ட் மூடுகிறது, மறுபடியும் இழுப்பு. பழைய மின்மணியின் தத்துவம்தான். வேகம் மட்டும் மிக அதிகம். நொடிக்கு நானூறு, ஐந்நூறு முறை இது நடக்கிறது. ஒரு நொடி ஹாரன் அடித்தால் அந்தக் காண்டாக்ட் நானூறு முறை தீப்பொறியோடு திறந்து மூடியிருக்கும்.

பல கார்களில் ஹாரன் இரண்டு இருக்கும். ஒன்று சுமார் 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கும், மற்றது 500-க்குப் பக்கத்தில். ஐந்துக்கு நான்கு என்ற இந்த விகிதம் நம் இசையில் ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள உறவு. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்குச் செறிவாக இருப்பதற்கு அதுவே காரணம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் படித்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே ஒரு காரின் இரண்டு ஹாரன்களில் எது செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியும். நமக்கு அவ்வளவு காது இல்லாவிட்டாலும், ‘சத்தம் மெலிஞ்சு போச்சு’ என்று தோன்றினால் இரண்டில் ஒன்று போய்விட்டது என்று பொருள். முழு மௌனம் வேறு சங்கதி. இரண்டு ஹாரன்களும் ஒரே நொடியில் சாவது அரிது. அப்படியானால் பழுது அவற்றுக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. முன்பு சொன்ன அதே கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

ஒவ்வொரு ஹாரனும் 12 வோல்ட்டில் நான்கு, ஐந்து ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்சாரத்தை ஸ்டீயரிங் பொத்தான் வழியாகக் கொண்டுபோனால் பொத்தான் கருகிவிடும். ஆகவே இடையில் ஒரு ரிலே. பொத்தான் செய்வதெல்லாம் ரிலேயின் சின்னச் சுருளுக்கு எர்த் கொடுப்பதுதான். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ரிலே ‘டிக்’ என்று மூடி, ஹாரனுக்குப் பெரிய மின்சாரத்தை அனுப்புகிறது. அந்த ‘டிக்’ ஓசை பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் விலைமதிப்பற்ற சாட்சி. வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர் பியூஸ் பெட்டி அருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். ‘டிக்’ கேட்டால் பொத்தானிலிருந்து ரிலே வரை எல்லாம் நலம். பழுது ரிலேயிலிருந்து ஹாரன் வரையிலான பாதியில். கேட்கவில்லையென்றால் மற்ற பாதியில், அதாவது ஸ்டீயரிங் பக்கம், அல்லது ரிலேயிலேயே. ஒரே ஓசையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு சிக்கலான பொறியியல் கேள்வி வருகிறது. ஸ்டீயரிங் சுழல்கிறது, கார் சுழல்வதில்லை. சுழலும் பொருளிலுள்ள பொத்தானிலிருந்து சுழலாத காருக்கு ஒயரை எப்படிக் கொண்டுவருவது? அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பித்தளை வளையமும், அதன்மேல் ஸ்பிரிங்கால் அழுந்தி உரசும் ஒரு முனையும் போதுமானவையாக இருந்தன. அவ்வப்போது காண்டாக்ட் விட்டுப்போகும். ஒரு முறை ஹாரன் அடிக்காது, இரண்டாம் முறை அடிக்கும். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஏர்பேக் வந்ததும் அந்தத் தாராளம் முடிந்தது. மோதல் நடந்தால் ஓட்டுநர் முன் பை விரிந்து முடிக்க ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரமே உண்டு. அதற்குள் ஓர் உரசும் முனை எழும்பிவிட்டால் உயிர் போகும். ஏர்பேக்கைப் பற்றவைக்கும் சின்னத் திரியின் மின்தடை சுமார் 2 ஓம். காரின் கணினி ஓடும் நேரமெல்லாம் அந்த 2 ஓம் அப்படியே இருக்கிறதா என்று மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. உரசும் வளையத்தில் தடை கூடிக் குறைந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. வெட்டுப்படாத, உரசாத, முழு ஒயர் வேண்டும். அதேசமயம் அது சுழலவும் வேண்டும்.

விடை மிக அழகானது. மெல்லிய செம்புப் பட்டைகளைப் பிளாஸ்டிக் படலத்துக்குள் பதித்த நீண்ட நாடா ஒன்றைச் சுருட்டி, ஒரு வட்டப் பெட்டிக்குள் தளர்வாக வைத்தார்கள். நாடாவின் உள்முனை ஸ்டீயரிங்கோடு, வெளிமுனை காரோடு. தளர்வாகச் சுருட்டிய கோரைப்பாயின் உள்விளிம்பைப் பிடித்து ஒரு பக்கம் திருகினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருகினால் நெகிழும், ஆனால் இரண்டு விளிம்புகளும் பிடித்த இடத்தைவிட்டு நகர்வதில்லை அல்லவா? அதேதான். ஒர்க் ஷாப்பில் இதைக் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்று பெயரிட்டிருக்கின்றன. பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றும். நாடாவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இடம் கொடுத்திருப்பார்கள்.

ஏர்பேக்குக்காக வந்த நாடா என்றாலும், வந்த பிறகு ஸ்டீயரிங்கில் உள்ள அத்தனையும் அதன் வழியே போக ஆரம்பித்தன. ஹாரன், பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் பொத்தான்கள், போன் பொத்தான், குரூஸ். நாம் தேடிய சந்திப்பு இதுதான். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார் ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே அதற்குப் பின் விற்ற கார்களில், மலிவானது உட்பட, இந்த நாடா இருக்கிறது.

செம்பு ஏன் உடைகிறது? யாரும் இழுக்கவில்லை, வெட்டவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், ரயில் பெட்டிகளின் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று ஆராய்ந்தார். ஓர் உலோகத்தை ஒரே அடியில் முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசை, திரும்பத் திரும்ப வந்தால் அதுவே முறித்துவிடும் என்று அவர் சோதனைகளால் நிறுவினார். உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் கார் எங்கே மூப்படைகிறது என்பது புலப்படும். நான்குவழிச் சாலையில் ஸ்டீயரிங் அநேகமாக அசைவதே இல்லை. ஆனால் சிதம்பரத்துக்குள் நுழைந்து, நடராசர் கோயிலைச் சுற்றியுள்ள கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று இடம் தேடி, கடைசியில் ஒரு பூக்கடைக்கும் ஓர் ஆட்டோவுக்கும் நடுவில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்தும்போது, ஸ்டீயரிங் கோடிக்குக் கோடி எத்தனை முறை போய் வருகிறது! நாடா அங்கேதான் வளைந்து வளைந்து களைக்கிறது. குரூஸ் வேலை செய்யவில்லை என்று நெடுஞ்சாலையில்தான் தெரியும். கீறல் விழுந்ததென்னவோ ஊருக்குள்.

கீறல் ஒரேயடியாகத் துண்டிப்பதும் இல்லை. சில நாள் தொடும், சில நாள் விடும். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் ஹாரன் அடிக்கும், நேராக்கினால் நிற்கும். குரூஸ் பொத்தான்கள் இன்னும் விசித்திரமாக நடந்துகொள்ளும். பல கார்களில் ‘செட்’, ‘ரெஸ்யூம்’, ‘கேன்சல்’ என்ற மூன்றுக்கும் மூன்று ஒயர் கிடையாது. ஒரே ஒயரில் பொத்தானுக்கு ஒரு மின்தடை என்று வைத்திருப்பார்கள். எந்தத் தடை தெரிகிறதோ அதை வைத்து எந்தப் பொத்தான் அழுந்தியது என்று கணினி கண்டுபிடிக்கும். கீறிய செம்பு தன் பங்குக்குச் சில நூறு ஓம் சேர்த்துவிட்டால் ‘செட்’ பொத்தான் கணினிக்கு ‘கேன்சல்’ போலத் தெரியலாம், அல்லது எதுவாகவும் தெரியாமல் போகலாம். ‘ஒரு நாள் வேலை செய்யுது, ஒரு நாள் செய்யல’ என்று உரிமையாளர் சொல்வதை மெக்கானிக் நம்ப வேண்டும்.

குரூஸ் கண்ட்ரோலுக்குத் தனியாகவும் சில வியாதிகள் உண்டு. அவற்றைப் பார்க்கும் முன் அதன் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். குரூஸைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கர். ஐந்து வயதில் விபத்தில் பார்வையை இழந்தவர். 1912-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பிஸ்டன் ரிங் தயாரிக்கும் கம்பெனியை நடத்தினார். காரை ஓட்டிக்கொண்டே பேசிய ஒரு வழக்கறிஞர் நண்பர் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு அழுத்தியது அவரை எரிச்சலூட்டியது. வேகம் ஏறி இறங்குவதைப் பார்வை உள்ளவர்கள் பொருட்படுத்தாத நேரத்தில் அவர் உடம்பு அதை உணர்ந்தது. 1950-இல் காப்புரிமை கிடைத்தது; 1958-ஆம் ஆண்டு கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. கண் தெரியாத ஒருவர் உலகத்து ஓட்டுநர்களின் வேகத்தைச் சீராக்கினார் என்பது பொறியியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி.

இன்றைய குரூஸ் வேக உணரியைப் பார்த்து, அமைத்த வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப இன்ஜினுக்குக் காற்றையோ டீசலையோ கூட்டிக் குறைக்கும். சந்தேகம் எழுந்தால் விலகிக்கொள்வது அதன் குணம், அது நல்ல குணம். பிரேக் பெடலில் உள்ள சுவிட்சில் பொதுவாக இரண்டு காண்டாக்ட் இருக்கும். ஒன்று திறக்கும்போது மற்றது மூட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் கணினி குரூஸைக் கொடுக்காது. ஆகவே ஹாரன் நன்றாக அடித்து, குரூஸ் மட்டும் வேலை செய்யவில்லையென்றால், இருட்டிய பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் விளக்கைப் பாருங்கள். மிதித்தும் எரியாமல் இருந்தாலோ, காலை எடுத்தும் அணையாமல் இருந்தாலோ பழுது கையில் கிடைத்துவிட்டது. மலிவான சுவிட்ச் ஒன்றை மாற்றினால் போதும். கியர் வண்டியானால் கிளட்ச் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

கடலூருக்கென்று இன்னொரு காரணம் உண்டு: உப்பும் வெள்ளமும். தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் வெளியில் நிற்கும் காரில் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றினால் பச்சைப் படிவு தெரியும். கடற்காற்றின் குளோரைடு செம்பைத் தின்றதன் மிச்சம் அது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபின், தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிக்குள் புகுந்தது. அப்படி நீரில் நின்ற கார்களில் ஹாரன் கெடுவதைப் புரிந்துகொள்ள நீர்மட்டத்தை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். ஹாரன் தாழ இருக்கிறது, முதலில் நனையும். ஸ்டீயரிங் நாடா உயர இருக்கிறது. முழங்கால் அளவு நீர் என்றால் நாடாவைக் குற்றம் சொல்ல முகாந்திரமில்லை. ஹாரன், அதன் எர்த், கால் வைக்கும் தளத்துக்குப் பக்கத்திலுள்ள கப்ளர்கள் என்று கீழிருந்து மேலே தேட வேண்டும். டெஸ்ட் லேம்பை ஹாரன் கப்ளரில் வைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லி, பல்ப் பளிச்சென்று எரிந்தால் மின்சாரம் வருகிறது, ஹாரன்தான் செத்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ துரு.

இனி, இரண்டும் சேர்ந்து போன நம் காருக்கு வருவோம். ஹாரன் பியூஸைப் பாருங்கள். சில கார்களில் ஸ்டீயரிங் பொத்தான்களுக்கும் அதற்கும் பொதுவான பியூஸோ எர்த்தோ உண்டு. பியூஸ் நலமா, அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டும் ஹாரன் அடிக்கவில்லையா, அடுத்து ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். நடுவில் எங்காவது ஒரு முனகல் கேட்டாலும் நாடாதான். பிறகு மீட்டரைப் பாருங்கள். சிவப்பு நிற ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் மூன்றாவது சாட்சியும் சொல்லிவிட்டது.

வீட்டில் செய்யக்கூடியது இத்தோடு முடிகிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை. பாட்டரி முனையைக் கழற்றிய பிறகும் ஏர்பேக் கணினி ஒரு மின்தேக்கியில் கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். மோதலில் பாட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக. அது வடிய, அந்த வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கப்ளருக்குப் போகும் ஒயர்களில் டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது; பல்புக்குப் போகும் மின்சாரமே பையை வெடிக்கவைத்துவிடலாம். புதிய நாடாவைச் சக்கரங்கள் நேராக இருக்கும்போது, நடுநிலை மாறாமல் பொருத்த வேண்டும். ஒரு சுற்று தவறிவிட்டால் முதல் யூ-டர்னிலேயே அறுந்துபோகும். ஸ்டீயரிங் பாக்ஸ் வேலைக்காக வண்டி ஒர்க் ஷாப்பில் நின்று வந்த மறுநாள் ஹாரனும் குரூஸும் போனால், அங்கே சக்கரங்களோடு இணைப்பு இல்லாத நிலையில் ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தச் சின்ன நாடா எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு 2014 ஏப்ரல் சாட்சி. டொயோட்டா அந்த மாதம் பலவகைப் பழுதுகளுக்காக உலகெங்கும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றில் ஒரு பெரிய பகுதிக்குக் காரணம் ஸ்பைரல் கேபிள். இந்தியாவில் 2005 முதல் 2008 வரை தயாரான சுமார் 45,000 இன்னோவா கார்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போன அதே இன்னோவா. நாடாவில் தொடர்பு அறுந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பதே அழைத்ததன் காரணம். அன்று இந்தியாவில் திரும்ப அழைப்பது கம்பெனிகளின் விருப்பம் சார்ந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகே அரசு கட்டளையிடும் அதிகாரம் வந்தது. உங்கள் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்கு அப்படி ஏதும் அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். இருந்தால் நாடாவை இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

இவ்வளவும் நான் விரித்துச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஹாரன் அடிக்காத காருக்கு நம் ஊர்களில் வேகமாக ஒரு வைத்தியம் செய்கிறார்கள்: டாஷ்போர்டில் ஒரு துளை, அதில் காலிங்பெல் சுவிட்ச் போன்ற ஒரு பொத்தான், அங்கிருந்து ரிலேக்கு ஒரு தனி ஒயர். சில நூறு ரூபாய், அரை மணி நேரம், ஹாரன் அடிக்கிறது. அதைச் செய்பவரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு அது சரியான வைத்தியமே. ஆனால் ஏர்பேக் உள்ள காரில் ஹாரன் மௌனமானது ஒரு தகவல். அதே நாடாவில் அடுத்த பட்டை ஏர்பேக்குடையது. புதுப் பொத்தான் அந்தத் தகவலை அழித்துவிடுகிறது. இதற்கு மேல், எரிந்துகொண்டே இருக்கும் சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதையும் மறைத்துவிட்டால், வண்டியில் ஏர்பேக் இருப்பதாக நம்பிக்கொண்டு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு குடும்பம்தான் மிச்சம்.

தனிப் பொத்தான் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அவரோடு சேர்ந்து ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். அது எரிந்தால் நாடாவை மாற்றச் சொல்லுங்கள். அன்றைக்கே முடியாவிட்டால், மாற்றும் வரை அந்த வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள்.